‘நீங்கள் இருக்கும்வரை வெளியே வராது’: ஆய்வாளர் தரும் வாக்கு எதுவரை செல்லும்?

2001-ல் வட அயர்லாந்தில் ஒரு வாய்மொழி வரலாற்றுத் திட்டம் தொடங்கியது. முப்பது ஆண்டுகள் நீடித்து ஏறக்குறைய 3,500 உயிர்களைக் காவு வாங்கிய மோதல், 1998-ன் புனித வெள்ளி ஒப்பந்தத்தோடு ஓரளவு அடங்கியிருந்த நேரம். துப்பாக்கி தூக்கியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அவர்கள் போய்ச் சேருவதற்குள், நடந்ததை அவர்கள் வாயாலேயே பதிவு செய்துவிட வேண்டும் என்பது யோசனை. அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி பொறுப்பேற்றது. திட்டத்தை இயக்கியவர் எட் மொலோனி என்ற பத்திரிகையாளர். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கத்தின் ஆட்களிடம் பேசியவர் ஆன்டனி மெக்கின்டயர். தானே ஐ.ஆர்.ஏ.வில் இருந்து நீண்ட காலம் சிறையில் கழித்தவர், அப்புறம் முனைவர் பட்டம் வாங்கியவர். எதிர்த்தரப்பான, பிரிட்டனோடு இருக்க விரும்பிய லாயலிஸ்டுகளிடம் பேசியவர் வில்சன் மெக்கார்தர். ஐந்தாண்டுகளில் இரு தரப்பிலும் சேர்த்து நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் பேசினார்கள்.

இந்த ஆட்கள் லேசில் வாய் திறப்பவர்கள் இல்லை. அந்த ஊரில் இயக்க ரகசியத்தை வெளியே சொன்னவனுக்குத் தண்டனை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். அப்படியும் பேசினார்கள் என்றால் காரணம் ஒரு வாக்குறுதி. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை, உங்கள் சம்மதம் இல்லாமல் இது யார் கைக்கும் போகாது. ஒலிநாடாக்களும் எழுத்துப்படிகளும் கடல் தாண்டி பாஸ்டனில், கல்லூரியின் அரிய நூல்கள் இருக்கும் நூலகத்தில், பெயருக்குப் பதில் ஓர் எழுத்து மட்டும் இட்டுப் பத்திரமாக இருக்கும்.

இந்த வாக்கு எழுதப்பட்ட விதத்தில் ஒரு சின்ன வேறுபாடு இருந்தது. கல்லூரி மொலோனியோடு போட்ட ஒப்பந்தத்தில், பேசுபவர்களுக்கு ‘அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு’ ரகசியம் உறுதி செய்யப்படும் என்று இருந்தது. பேசியவர்கள் கையெழுத்துப் போட்ட தாளில் அந்தச் சொற்கள் இல்லை. வெளியிடும் இறுதி அதிகாரம், சாகும்வரை தங்களுக்கே என்றுதான் அவர்கள் தாள் சொன்னது.

அடுத்து நடந்த எல்லாம் இந்த விடுபட்ட சொற்களின் வழியாகவே நுழைந்தது.

பேசியவர்களில் இருவர் இறந்தபின், அவர்கள் சொன்னவற்றை வைத்து 2010-ல் மொலோனி ஒரு புத்தகம் வெளியிட்டார். வாக்குறுதிப்படி அதில் தவறில்லை; இறந்தவர்கள்தான். ஆனால் அப்படி ஒரு பெட்டகம் இருக்கிறது என்பது உலகத்துக்குத் தெரிந்துபோனது. அதே ஆண்டு முன்னாள் ஐ.ஆர்.ஏ. உறுப்பினர் டோலர்ஸ் பிரைஸ் பத்திரிகைகளிடம் பேசினார். அவரும் இத்திட்டத்துக்குப் பேட்டி தந்தவர் என்ற செய்தியும் வந்தது. 2011 மே மாதம், பிரிட்டனின் கோரிக்கையை ஏற்று அமெரிக்க அரசு கல்லூரிக்கு நீதிமன்ற ஆணை அனுப்பியது. இரு நாடுகளுக்கும் இடையே குற்ற விசாரணையில் உதவிக்கொள்ளும் ஒப்பந்தம் ஒன்று உண்டு. திட்டம் தொடங்கியபோது அது யார் கண்ணிலும் படவில்லை போலிருக்கிறது.

விசாரணை எதைப் பற்றியது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் கதை ஒருதலையாகிவிடும். ஜீன் மெக்கான்வில் பத்துக் குழந்தைகளின் தாய், கணவரை இழந்தவர். 1972 டிசம்பரில் பெல்ஃபாஸ்டில் அவர் வீட்டிலிருந்து ஐ.ஆர்.ஏ. ஆட்கள் அவரை இழுத்துச் சென்றார்கள். உளவு சொன்னார் என்பது குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரம் எதுவும் இல்லை என்று பிற்பாடு காவல்துறைக்கான குறைதீர்ப்பாளர் அறிவித்தார். உடல் 2003-ல்தான் ஒரு கடற்கரையில் கிடைத்தது. முப்பது ஆண்டுகள் அந்தப் பிள்ளைகள் அம்மாவின் உடல்கூடக் கிடைக்காமல் வாழ்ந்தவர்கள். நாடாக்களைத் திறந்து காட்டுங்கள் என்று அவர்கள் கேட்டதில் என்ன தப்பு? ஆய்வாளரின் ரகசியம் புனிதமானது என்று கல்லூரி வாசலில் நின்று முழங்குவது எளிது. அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது கடினம்.

ஆய்வாளர்கள் நீதிமன்றம் போனார்கள், தோற்றார்கள். ரகசியத் தகவல் தந்தவரைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கப் பத்திரிகையாளர்களுக்கே குற்ற விசாரணையில் அரசமைப்பு உரிமை கிடையாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1972-லேயே ஒரு வழக்கில் சொல்லியிருந்தது. ஆய்வாளருக்கு மட்டும் ஏன் அதிகம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டது. கல்லூரி தனியாக வாதாடியதில் கொஞ்சம் பலன் இருந்தது: 85 பகுதிகளைத் தரச் சொன்ன ஆணை 2013-ல் 11 பகுதிகளாகக் குறைந்தது. 2014 மார்ச்சில் ஐவர் பெல் என்ற முதியவர் கைதானார்; ‘இசட்’ என்று குறிக்கப்பட்ட குரல் அவருடையது என்றது அரசுத் தரப்பு. ஏப்ரல் கடைசியில் ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமாகக் கருதப்பட்ட ஷின் ஃபெயின் கட்சியின் அன்றைய தலைவர் ஜெர்ரி ஆடம்ஸ் நான்கு நாள் காவலில் வைக்கப்பட்டு, குற்றச்சாட்டு இல்லாமல் விடுவிக்கப்பட்டார். பெல்ஃபாஸ்ட் சுவர்களில் ‘பாஸ்டன் கல்லூரிக் காட்டிக்கொடுப்பவர்கள்’ என்ற பொருளில் எழுத்துகள் முளைத்தன. யாரிடம் பேசினோமோ அவர்களைவிட, பேசியதற்காகத் தங்கள் சொந்தத் தெரு என்ன செய்யும் என்பதே அந்த மனிதர்களின் பயம்.

இதில் கடைசித் திருப்பம்தான் எனக்கு எப்போதும் உறைக்கும். 2019-ல் பெல் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது, அந்த நாடாக்களைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று நீதிபதி தள்ளிவிட்டார். பேட்டி எடுத்தவருக்கே ஆடம்ஸ் மீது தெளிவான பகை இருந்தது, பேசியவருக்கோ எதுவும் வெளியே வராது என்ற உறுதி தரப்பட்டிருந்தது, அதனால் சொன்னதை நம்புவதற்கில்லை என்பது தீர்ப்பு. பெல் விடுவிக்கப்பட்டார். ஆக, வாக்கும் போனது, வழக்கும் நிற்கவில்லை, மெக்கான்வில் குடும்பத்துக்கு நீதியும் கிடைக்கவில்லை. எஞ்சியது, இனி எவனும் எந்த ஆய்வாளரிடமும் வாய் திறக்கமாட்டான் என்ற நிலை.

பெல்ஃபாஸ்ட் கதையை இவ்வளவு நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. மனிதர்களோடு உட்கார்ந்து பேசி, அவர்கள் சொல்வதையே தரவாகக் கொள்ளும் ஆய்வைப் பண்புசார் ஆய்வு என்கிறோம். அதில் நெறிமுறை என்றதும் நம் மாணவர்களுக்கு நினைவுக்கு வருவது ஒரு படிவம். ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்க வேண்டிய தாள். கையெழுத்து வாங்கியாகிவிட்டதா, சரி, அடுத்த வேலையைப் பார்ப்போம். பெல்ஃபாஸ்டிலும் கையெழுத்து இருந்தது. நன்றாகவே வாங்கியிருந்தார்கள்.

படிவத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வந்ததற்கு ஒரு வரலாறு இருக்கிறது. மனிதரை வைத்துச் செய்யும் ஆய்வுக்கான விதிகள் முதலில் மருத்துவத்துக்காக எழுதப்பட்டவை. நாஜி மருத்துவர்களின் வழக்கிலிருந்து 1947-ல் நியூரம்பெர்க் நெறிகள் வந்தன. அமெரிக்காவில் டஸ்கீகி என்ற ஊரில் கறுப்பின ஆண்களுக்கு இருந்த சிபிலிஸ் நோய்க்கு, பென்சிலின் கைக்கு வந்த பிறகும் சிகிச்சை தராமல், நோய் எப்படி முற்றுகிறது என்று 1932 முதல் 1972 வரை வேடிக்கை பார்த்தார்கள். அது வெளியே வந்த அதிர்ச்சியில் பிறந்தது 1979-ன் பெல்மான்ட் அறிக்கை. மனிதரை மதி, தீங்கு செய்யாதே, சுமையையும் பலனையும் நியாயமாகப் பங்கிடு என்ற மூன்றும் அதிலிருந்து வந்தவை. நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளும் இந்தப் பரம்பரைதான். அதில் சமூக ஆய்வுக்கு என்று ஒரு பகுதியும் சேர்ந்திருக்கிறது.

ஊசி போடும் ஆய்வில் ஆபத்து எங்கே என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாம். இந்த மருந்து, இவ்வளவு அளவு, இந்தப் பக்கவிளைவு வரலாம், சம்மதமா? பேச்சு அப்படி இல்லை. நான் என்ன கேட்கப்போகிறேன் என்பதே பாதி எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்வதைப் பொறுத்து அடுத்த கேள்வி வரும். நீர்ப் பங்கீடு பற்றிப் பேச உட்கார்ந்த அம்மா, அரைமணி நேரத்தில் கணவர் அடிப்பதைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பார். காலையில் போட்ட கையெழுத்து இதற்கும் சேர்த்தா? இன்னொன்று, ஊசியின் தீங்கு ஊசி குத்தும்போதோ சற்றுப் பின்னரோ வரும். பேச்சின் தீங்கு பேசும் நேரத்தில் அநேகமாக வராது. அந்த நேரம் நன்றாகவே இருக்கும். காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் கிடைத்த நிம்மதிகூட இருக்கும். தீங்கு பின்னால் வரும், அச்சில் ஏறியபின், நாடா வேறு கைக்குப் போனபின், சில சமயம் பல ஆண்டு கழித்து.

அச்சில் ஏறியபின் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் பழைய உதாரணம் ஒன்று உண்டு. நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிற்றூர். கார்னெல் பல்கலைக்கழகத் திட்டம் ஒன்றுக்காக ஆர்தர் விடிச் அங்கே குடும்பத்தோடு தங்கி ஆய்வு செய்தார். எந்தத் தனிமனிதரையும் அடையாளம் காணும்படி எழுதமாட்டோம் என்பது திட்டம் ஊருக்குத் தந்த உறுதி. 1958-ல் அவரும் ஜோசப் பென்ஸ்மனும் சேர்ந்து எழுதிய புத்தகம் வந்தது. ஊருக்கு ‘ஸ்பிரிங்டேல்’ என்று பெயர், ஆட்களுக்கும் மாற்றுப்பெயர். ஆனால் ஊரை நிஜமாக ஆள்வது யார், திரைமறைவில் முடிவெடுக்கும் நாலைந்து பேர் யார் என்று அதில் புட்டுப்புட்டு வைத்திருந்தது. அவ்வளவு சின்ன ஊரில் அந்த நாலைந்து பேர் யாரென்று யாருக்குத்தான் தெரியாது? அந்த வருடச் சுதந்திர தின ஊர்வலத்தில் ஊர்க்காரர்கள் முகமூடி போட்டுக்கொண்டு, புத்தகத்தில் தங்களுக்குச் சூட்டிய பெயர்களை வண்டியில் எழுதி ஒட்டிக்கொண்டு போனார்கள். பின்னாலேயே எரு இறைக்கும் வண்டி ஒன்று வந்தது. அதில் எருவின் மேல் குனிந்து நிற்கும் உருவபொம்மை. அதுதான் ஆசிரியர்.

சிரிப்பு வருகிறது, ஆனால் இதைவிடக் கூர்மையான புத்தக விமர்சனம் சமூகவியலில் இன்னொன்று இருக்குமா என்று தெரியவில்லை. மாற்றுப்பெயர் என்பது யாரிடமிருந்து மறைக்கிறது? சென்னையிலோ டெல்லியிலோ படிப்பவரிடமிருந்து. அவருக்கு அந்த ஆள் யாரென்று தெரிந்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை. தெரிந்தால் வினை வரக்கூடிய பக்கத்து வீட்டுக்காரர், பங்காளி, மேலதிகாரி, மாமியார் ஆகியோரிடமிருந்து அது எதையும் மறைப்பதில்லை. ‘மேற்கு மாவட்டத்தில் ஒரு கிராமம், இருமுறை ஊராட்சித் தலைவராக இருந்த அருந்ததியர் பெண்மணி, கணவர் பின்னலாடை ஆலையில் வேலை’ என்று எழுதிவிட்டு, பெயரை மட்டும் ‘செல்வி’ என்று மாற்றி என்ன பயன்? நம் ஆய்வேடுகள் பலவற்றில் இதே கதை. பெயர் மாறியிருக்கும், சாதி, தெரு, தொழில், வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை எல்லாம் அப்படியே அட்டவணையில் இருக்கும்.

அயர்லாந்தின் தென்மேற்கு மூலையில் இதே போன்ற இன்னொரு கதை. மானுடவியலாளர் நான்சி ஷெப்பர் ஹியூஸ் 1970-களின் நடுவில் ஒரு சிற்றூரில் தங்கி, அங்கே மனநோய் ஏன் இவ்வளவு இருக்கிறது என்று ஆராய்ந்தார். குடும்ப அமைப்பு, கல்யாணமாகாமல் தங்கிவிடும் கடைசி மகன்கள், பாசத்தைக் காட்டத் தெரியாத வீடுகள் என்று புத்தகம் விரிந்தது. அமெரிக்காவில் விருது கிடைத்தது. ஊருக்கு அவர் சூட்டிய கற்பனைப் பெயரின் பின்னால் இருப்பது எந்த ஊர் என்று ஓர் ஐரிஷ் பத்திரிகையாளர் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார். கால் நூற்றாண்டு கழித்து, 1999-ல், ஷெப்பர் ஹியூஸ் திரும்பிப் போனார். ஊர் அவரை இருக்கவிடவில்லை, கிளம்பச் சொல்லிவிட்டது. தங்கள் வீட்டு விருந்தாளியாக இருந்தவர், தங்களிடம் நல்லதாக எதையுமே பார்க்கவில்லையா என்ற மனத்தாங்கல் அவர்களுக்கு. அவர் நேர்மையானவர், நடந்ததை அவரே எழுதினார். மாற்றுப்பெயர் யாரையும் காப்பதில்லை, ஒருவேளை ஆய்வாளரின் தோலைத் தவிர என்று ஒத்துக்கொண்டார். உண்மைப் பெயரோடு எழுதினால் ஒவ்வொரு வரியையும் அந்த மனிதர் படிப்பார் என்ற நினைப்பிலேயே எழுதுவோம். பெயரை மாற்றிவிட்டோம் என்ற தைரியம்தான் கையை அவிழ்த்துவிடுகிறது. இந்த இடத்தில் நான் அவர் பக்கம்.

ஒப்புதல் கேட்காமலே செய்த ஆய்வு என்று எல்லாப் பாடநூலிலும் வரும் பெயர் லாட் ஹம்ஃப்ரீஸ். 1960-களில் செயின்ட் லூயிஸ் நகரப் பூங்காக் கழிப்பறைகளில் ஆண்களுக்கிடையே நடந்த உறவுகளை, காவல் பார்ப்பவராக நின்று கவனித்தார். அப்போது அது அங்கே குற்றம். வந்தவர்களின் கார் எண்ணைக் குறித்துக்கொண்டு, காவல்துறைத் தொடர்புகள் மூலம் முகவரி வாங்கி, ஓராண்டு கழித்துத் தோற்றத்தை மாற்றிக்கொண்டு சுகாதாரக் கணக்கெடுப்பு என்று அவர்கள் வீட்டுக் கதவையே தட்டினார். பாதிக்கும் மேற்பட்டோர் மனைவியோடு வாழ்பவர்கள் என்று தெரிந்தது. அந்த ஆண்களைப் பற்றிய பொதுப்புத்திக் கற்பனைகளை உடைத்த நல்ல ஆய்வு என்று இன்றும் சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். பெயர்ப் பட்டியலை வங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைத்தார், பின்னர் அழித்தார். ஆனால் அந்தப் பட்டியல் இருந்த ஒவ்வொரு நாளும் அத்தனை குடும்பங்களின் தலைவிதி ஒரு சாவியில் தொங்கியது, அது அவர்களுக்கே தெரியாது. இந்த ஆய்வைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். இதில் சரி தப்பு பளிச்சென்று தெரிவதால் பாடநூலுக்கு வசதி. நமக்கு வரும் சிக்கல்கள் இப்படிப் பளிச்சென்று வருவதில்லை.

நம் ஊர்க் களத்தில் முதல் சிக்கலே அந்தத் தாள்தான். ‘இவ்வாய்வில் எவ்விதக் கட்டாயமுமின்றித் தன்னார்வத்துடன் பங்கேற்க இதன்மூலம் ஒப்புதல் அளிக்கிறேன்’ என்று ஒரு வாக்கியம். பத்திரப்பதிவு அலுவலகத் தமிழ். குழுக்கடனுக்கும் நிலத்துக்கும் எதிலெல்லாமோ கைநாட்டு வைத்துச் சூடு கண்டவர்களிடம் இதை நீட்டினால், நல்லபடியாகப் பேசிக்கொண்டிருந்த பாட்டிகூட ‘பையன் வரட்டும் தம்பி’ என்று எழுந்துவிடுவார். கையெழுத்து, மருத்துவமனையில் நோயாளியைக் காக்கும். தெருவில் அது பேசுபவரை மிரட்டும், உண்மையில் காப்பது பல்கலைக்கழகத்தை. வாய்மொழியாகச் சொல்லி, அவர் சம்மதத்தை ஒலிப்பதிவிலேயே வாங்கிக்கொள்வது பல சூழல்களில் மேல். நெறிமுறைக் குழுக்கள் பலவும் இதை ஏற்கின்றன, காரணம் எழுதிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். கலைப் புலத் துறைகள் பலவற்றில் அப்படி ஒரு குழு பெயரளவில்தான் இருக்கிறது என்பது வேறு விஷயம்.

இன்னொன்று, உங்களை அந்த வீட்டுக்கு யார் கூட்டிப்போனார்கள்? ஊராட்சித் தலைவரோ மகளிர் குழுத் தலைவியோ கைப்பிடித்து அழைத்துப்போய், ‘காலேஜ்ல இருந்து வந்திருக்காங்க, கேக்கறதுக்குப் பதில் சொல்லு’ என்று சொன்னபின், அந்தப் பெண் முடியாது என்று சொல்ல எத்தனை தைரியம் வேண்டும்? அடுத்த கடன் அந்தத் தலைவி கையில் இருக்கிறது. அங்கே தலையாட்டுவது ஒப்புதல் ஆகாது, மரியாதை. நம் மக்கள் வீடு தேடி வந்தவரிடம் முடியாது என்று சொல்லமாட்டார்கள், சுற்றி வளைத்துத்தான் சொல்வார்கள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்பார்கள், நாளைக்கு வாங்க என்பார்கள், எனக்கு என்ன தெரியும் பக்கத்து வீட்டில் கேளுங்க என்பார்கள். இதையெல்லாம் மறுப்பு என்று எடுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். நாளைக்கு வாங்க என்றதும் மறுநாள் காலை ஏழு மணிக்குப் போய் நிற்பவர் விடாமுயற்சி உள்ளவர் இல்லை, காது கேளாதவர்.

இப்போது பெல்ஃபாஸ்ட் தாளில் விடுபட்ட சொற்களுக்கு வருவோம். ‘நீங்கள் சொல்வது முழுக்க ரகசியம்’ என்று நம் படிவங்கள் எல்லாம் சொல்கின்றன. சொல்லும் அதிகாரம் நமக்கு உண்டா?

இந்தியாவில் கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொன்னதற்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. ஆய்வாளரிடம் சொன்னதற்கு இல்லை. நீதிமன்றம் கேட்டால் தர வேண்டும். மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ரிக் ஸ்கார்ஸ் என்ற சமூகவியல் ஆய்வு மாணவரே உதாரணம். விலங்குரிமைப் போராளிகளைப் பற்றி ஆய்வு செய்தவர். ஆய்வகத் தாக்குதல் ஒன்றில் தன் தகவலாளிகள் சொன்னதைச் சொல்ல மறுத்ததால் 1993-ல் 159 நாள் சிறையில் இருந்தார். அமெரிக்காவிலாவது சுகாதார ஆய்வுகளுக்கு, நீதிமன்ற ஆணைக்கும் பணிய வேண்டாம் என்று அரசே தரும் ரகசியச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. இங்கே அதுவும் கிடையாது.

அதைவிட நெருக்கமானது போக்சோ சட்டம். 2012-ன் இந்தச் சட்டத்தின் 19-வது பிரிவு, பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் மீது பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்த எவரும் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும் என்கிறது. சொல்லாவிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ, இரண்டுமோ. ‘எவரும்’ என்பதில் ஆய்வாளரும் சேர்த்தி. மனைவியே ஆனாலும் பதினெட்டுக்குக் கீழ் என்றால் உறவு கொள்வது பாலியல் வன்முறைதான் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்தது. இப்போது இளவயதுத் திருமணம் பற்றி ஆய்வு செய்யும் ஒரு மாணவியை நினைத்துப் பாருங்கள். பதினேழு வயதில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கும் பெண், விரும்பித்தான் கட்டிக்கொண்டேன் அக்கா, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க என்கிறாள். படிவம் முழு ரகசியம் என்கிறது. சட்டம் காவல் நிலையத்துக்குப் போ என்கிறது. போனால் அவள் கணவன், அவனும் இருபது வயதுப் பையன்தான், உள்ளே போவான். அவள் காப்பகத்துக்கோ, விட்டு ஓடிவந்த வீட்டுக்கோ திரும்புவாள். கருக்கலைப்புக்கு வரும் சிறுமிகள் விஷயத்தில், கேட்டுக்கொண்டால் பெயரைக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் மருத்துவர்களுக்கு ஒரு வாசல் திறந்தது. ஆய்வாளருக்கு அந்த வாசல் இல்லை.

இதற்குச் சுலபமான விடை என்னிடம் இல்லை. அதே சட்டம்தான் சித்தப்பாவிடம் சிக்கிக்கொண்ட பத்து வயதுக் குழந்தைக்கு ஒரே கயிறு. அங்கே ரகசியம் என்று வாய் மூடியிருப்பவன் ஆய்வாளனே இல்லை. ஆனால் ஒன்று செய்யலாம். அந்தப் பெண் வாய் திறப்பதற்கு முன் சொல்லிவிடலாம். எதைச் சொன்னால் நான் வெளியே சொல்ல வேண்டிவரும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால், எவ்வளவு சொல்வது என்பதை அவள் முடிவு செய்துகொள்வாள். தரவு குறையும். குறையட்டுமே.

துயரத்தைத் திரும்பச் சொல்ல வைப்பது தனிப் பிரச்சினை. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைக் கேளுங்கள். போர் முடிந்த 2009-க்குப் பிறகு நல்லிணக்க ஆணைக்குழு, பரணகம ஆணைக்குழு, காணாமற்போனோர் அலுவலகம் என்று அரசு அமைத்த விசாரணை அமைப்புகள் அடுத்தடுத்து வந்தன. ஒவ்வொன்றின் முன்னும் அதே அம்மாக்கள், அதே புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதே நாளை முதலிலிருந்து சொன்னார்கள். 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் உட்கார்ந்து போராட்டம் தொடங்கியதும் பத்திரிகையாளர்கள், ஆவணப்பட ஆட்கள், நிறுவனங்கள், ஆய்வு மாணவர்கள் என்று பந்தலுக்கு வந்தபடியே இருந்தார்கள். சொல்லச் சொல்ல மனம் ஆறும் என்கிறார்கள். கேட்டவன் ஏதாவது செய்தால் ஆறலாம். இங்கே ஒவ்வொரு முறை சொல்லும்போதும், இந்தத் தடவையாவது மகன் பற்றி ஒரு தகவல் வருமோ என்ற நம்பிக்கையோடு சொல்கிறார்கள். ஆய்வாளர் கையில் அது இல்லை. அவருக்குக் கிடைப்பது பட்டம், அம்மாவுக்குக் கிடைப்பது மறுபடியும் ஒரு நாள். ஏற்கெனவே பதிவான சாட்சியங்கள் அச்சில் இருக்கும்போது புதிதாக ஒருவரை அழவைக்கத்தான் வேண்டுமா என்று களத்துக்குக் கிளம்பும் முன்பே கேட்டுக்கொள்ளலாம். அப்படியே போனாலும், என்னால் உங்கள் பிள்ளையைத் தேட முடியாது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லலாம்.

ஒலிப்பதிவு பற்றி ஒரு சின்னக் குறிப்பு. பாஸ்டன் நாடாக்கள் பூட்டிய அறையிலாவது இருந்தன. இன்றைய பேட்டி கைப்பேசியில் பதிவாகி, அன்றிரவே தானாக மேகச் சேமிப்புக்குப் போய், எழுத்துப்படியாக மாற்றித் தரும் இலவசச் செயலி ஒன்றில் ஏற்றப்பட்டு, நெறியாளருக்கு வாட்ஸ்அப்பில் போகிறது. ரகசியம் என்று சொன்ன குரல் ஒரே இரவில் நாலு இடத்தில் இருக்கிறது. ஆய்வு முடிந்து கோப்பை அழித்துவிட்டேன் என்று சொல்பவர், இந்த நாலில் எதை அழித்தார்?

சரி, அந்தத் தாளில் என்னதான் எழுதுவது? நானாக இருந்தால் தாளையே பைக்குள் வைத்துவிட்டு இப்படிச் சொல்லிப் பார்ப்பேன்: “அக்கா, நீங்க சொல்றதை நான் எழுதி ஒரு புத்தகமாக் கொடுப்பேன். பேர் போடமாட்டேன், ஆனா நம்ம ஊர்க்காரங்க படிச்சா நீங்கன்னு கண்டுபிடிச்சாலும் பிடிப்பாங்க. அதனால எழுதினதை உங்களுக்கு முதல்ல படிச்சுக் காட்டறேன், வேண்டாங்கறதை எடுத்துடறேன். கோர்ட்டு கேட்டா என்னால மறைக்க முடியாது. சின்னப் பிள்ளைங்களுக்கு ஏதாவது நடந்ததுன்னு சொன்னா நான் போலீஸ்ல சொல்லியே ஆகணும், அதுதான் சட்டம். இதுல உங்களுக்குப் பணமோ வீட்டு மனையோ எதுவும் வராது, எனக்குத்தான் பட்டம். நடுவுல எப்ப வேணும்னாலும் போதும்னு சொல்லலாம்.”

அவர் கொஞ்ச நேரம் யோசிப்பார். பெரும்பாலும் வரக்கூடிய பதில் இதுதான்: “அப்ப எங்க வீட்டுக்காரர் பத்தி கேக்காதே. மத்தது கேளு, சொல்றேன்.”